வெயிலில் தும்முவோருக்கு ஒரு திறந்த மடல்

மதுரை கே.கே. நகரிலும் அதையொட்டிய அண்ணா நகர், மேலமடை, மாட்டுத்தாவணிப் பகுதிகளிலும் வசிக்கும், வெயிலில் கால் வைத்ததும் தும்மல் வரும் அன்பர்களுக்கும் அவர்களது வீட்டாருக்கும் இந்த மடல்.

இருட்டான இடத்திலிருந்து பளீரென்ற வெளிச்சத்துக்கு வந்த சில நொடிகளுக்குள், சளி, தூசி, நெடி எதுவும் இல்லாமலே வரும் தும்மலுக்கு ஒளித் தும்மல் என்று பெயர். இது நோய் அல்ல. சிலருக்குப் பிறவியிலேயே அமைந்த ஒரு அனிச்சைச் செயல். கண்ணில் தூசி பட்டால் இமை மூடுவது போல, நினைத்துச் செய்வதும் அல்ல, நினைத்தால் எளிதில் நிறுத்தக்கூடியதும் அல்ல. வெவ்வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் இதை நூற்றுக்கு 18 முதல் 35 பேருக்கு இருக்கும் இயல்பாக மதிப்பிடுகின்றன. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், 50 பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு நகரப் பேருந்தில் 9 பேருக்கு இது இருக்கும். இவ்வளவு பேருக்கு இருந்தும் வீடுகளில் இதைப் பற்றிய பேச்சு குறைவு. இருப்பவர்கள் எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லாதவர்கள் சளி பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மீனாட்சியம்மன் கோயிலில் முற்பகல் 11 மணி வாக்கில், உள் பிரகாரத்தின் இருளிலிருந்து ஆட்கள் ஆடி வீதிக்கு வெளிப்படும் வாசலருகே சற்று நேரம் நின்றால் இதை நேரிலேயே பார்க்கலாம். பெரும்பாலோர் கண்ணைச் சுருக்கி, நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு நடந்துவிடுவார்கள். ஒருசிலர் மட்டும் இரண்டடி வைத்ததும் நின்றுவிடுவார்கள். முகம் தானாக மேலே நிமிரும். இமைகள் பாதி மூடும். மூக்கின் உள்ளே மேற்புறத்தில் ஒரு குறுகுறுப்பு. வாய் லேசாகத் திறந்து மூச்சு உள்ளே இழுபடும். பிறகு ஒன்று, இரண்டு, சிலருக்கு மூன்று தும்மல். துண்டாலோ முந்தானையாலோ மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல் நடையைக் கட்டுவார்கள். அதன் பிறகு அதே வெயிலில் அரைமணி நேரம் நின்றாலும் தும்மல் வராது. பகல் காட்சி முடிந்து திரையரங்கின் பக்கக் கதவைத் திறந்துவிடும் நேரத்திலும், அடுக்குமாடிக் கட்டடங்களின் அடித்தள வாகன நிறுத்தத்திலிருந்து சரிவில் ஏறித் தெருவுக்கு வரும் நேரத்திலும் இதே காட்சிதான்.

மதுரையில் இது அடிக்கடி கண்ணில் படுவதற்குக் காரணம் உண்டு. நகரம் ஏறக்குறைய 10 பாகை வட அட்சக்கோட்டில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும், நண்பகல் சூரியன் இங்கே உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். சித்திரைத் திருவிழாவின் வெயில் எப்படிப்பட்டது என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். நேர் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஒரு குழல்விளக்கு எரியும் வீட்டுக் கூடத்தில் 100 முதல் 300 லக்ஸ் வரைதான் இருக்கும். கோடையில் வெக்கைக்குப் பயந்து இருட்டடித்து வைத்திருக்கும் வீட்டிலிருந்து வாசல்படியைத் தாண்டும் ஒரு எட்டில், கண்ணுக்குள் விழும் வெளிச்சம் சில நூறு மடங்கு கூடிவிடுகிறது. நகரில் மரநிழல் குறைந்து சிமெண்டுத் தளமும் கண்ணாடி முகப்பும் பெருகப் பெருக, இந்த ஏற்றம் இன்னும் செங்குத்தாகிறது.

தும்மலைக் கிளப்புவது வெளிச்சத்தின் அளவு அல்ல, இந்தத் திடீர் ஏற்றம். போர் விமானிகளுக்கு இந்தத் தும்மல் ஆபத்தாகுமா என்று ஆராய்ந்த ஒரு கட்டுரை 1993இல் அமெரிக்காவின் ராணுவ மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒளியின் எந்த நிறம் தும்மலைத் தூண்டுகிறது என்று வடிகட்டிகளை வைத்துச் சோதித்தபோது, குறிப்பிட்ட நிறம் எதற்கும் அதில் தனிப்பங்கு இல்லை, ஒளிச்செறிவு மாறுவதே காரணம் என்று அது கண்டது. கல்யாண மண்டபத்தில் புகைப்படக்காரரின் பிளாஷ் வெளிச்சத்துக்கும், எதிரே வரும் காரின் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெயிலுக்கும் சிலர் தும்முவது இதனால்தான். ஒரு முறை தும்மித் தீர்ந்தபின் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடுகிறது. சில நிமிடங்கள் நிழலுக்குப் போய் இருந்துவிட்டுத் திரும்பினால், பழையபடி தும்மல் வரும்.

இந்தக் கேள்வி மனிதர்களுக்குப் புதிதல்ல. அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் 'சிக்கல்கள்' என்ற கிரேக்க நூலின் 33ஆம் பகுதி மூக்கைப் பற்றியது. வெயிலின் சூடு தும்மலை உண்டாக்குகிறது, நெருப்பின் சூடு உண்டாக்குவதில்லையே, ஏன் என்று அது கேட்கிறது. வெயில் மூக்கிலுள்ள ஈரத்தை இளக்கி மட்டும் விடுகிறது, நெருப்போ இளக்கியதோடு வற்றவும் வைத்துவிடுகிறது என்பது அது தந்த விடை. கேள்வி அருமையானது. விடை தவறானது. காரணம் சூட்டில் இருக்கிறது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டதுதான் அதன் குறை.

ஏறக்குறைய 2000 ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் பிரான்சிஸ் பேக்கன் இதைக் கையில் எடுத்தார். அவர் இறந்த பிறகு 1627இல் வெளிவந்த 'சில்வா சில்வாரம்' என்ற நூலில் அவரது வாதம் இருக்கிறது. மூக்கு சூடாவதுதான் காரணம் என்றால், கண்ணை மூடிக்கொண்டு மூக்கை வெயிலில் காட்டினாலும் தும்மல் வர வேண்டும், வருவதில்லை. ஆகவே வழி மூக்கு அல்ல, கண். இந்தச் சோதனையைக் கே.கே. நகரின் எந்த மொட்டை மாடியிலும் செய்து பார்க்கலாம். கண்ணை இறுக மூடியபடி வெயிலுக்கு வந்து நின்றால் முகம் காயும், தும்மல் பெரும்பாலும் வராது. திறந்தால் வரும். கருவி எதுவும் இல்லாமலே சூட்டையும் வெளிச்சத்தையும் பேக்கன் பிரித்துக் காட்டியது மெச்சத்தக்கது. ஆனால் அதற்கு மேல் அவரும் வழி தவறினார். கண்ணில் ஈரம் ஊறும்போது மூக்கிலும் ஈரம் இறங்குகிறது, அது தும்மலாகிறது என்றார். கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்குள் கண்ணீர் வடியும் குழாய் ஒன்று உண்மையிலேயே உண்டு. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். ஆனால் கண்ணீர் சுரந்து அந்தக் குழாய் வழியே இறங்கி மூக்கை உறுத்துவதற்குப் பிடிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால், ஒளித் தும்மல் மிகவும் விரைவாக வந்துவிடுகிறது. இவ்வளவு விரைவாகச் செய்தி போக நரம்பால்தான் முடியும்.

தமிழில் தும்மலைக் கூர்ந்து கவனித்தவர் வள்ளுவர். காமத்துப்பாலில் பல இடங்களில் தும்மல் வருகிறது. 1203ஆம் குறளில் வருவது, எழுவது போல எழுந்து வராமலே அடங்கிவிடும் தும்மல். அப்படி மூக்கின் நுனியில் நின்றுபோன தும்மலை வரவழைக்க வெளிச்சத்தைப் பார்க்கும் பழக்கம் வீடுகளில் உண்டு. ஒளித் தும்மல் இயல்பு உள்ளவர்களுக்கு இது பலிக்கும். பாதி தூரம் வந்துவிட்ட தும்மலுக்கு வெளிச்சம் மீதித் தூண்டுதலைத் தந்துவிடும். இந்த இயல்பு இல்லாதவருக்குப் பலிக்காது. ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இதற்காக யாரும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. சூரியனை உற்றுப் பார்த்தால் விழித்திரையின் மையம் புண்ணாகும். அந்தப் புண் வலிக்காது என்பதால் பார்வை மங்கிய பிறகுதான் தெரியும். 2019 டிசம்பர் 26இல் தமிழ்நாட்டில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது கண் மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எச்சரித்தது இதைத்தான். தும்மலுக்கு வெளிச்சமான வானமோ, எரியும் மின்விளக்கோ போதும்.

வெளிச்சம் கண்ணில் பட்டால் மூக்கு ஏன் தும்ம வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள, வழக்கமான தும்மலின் பாதையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அடுப்பில் வறமிளகாய் தாளிக்கும் நெடியோ, ஒரு சிட்டிகை மூக்குப்பொடியோ மூக்கின் உட்சவ்வில் பட்டால், அங்குள்ள நரம்பு முனைகள் உறுத்தலை உணர்கின்றன. மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளில் ஐந்தாவதான முக்கிளை நரம்பு அந்தச் செய்தியை முகுளத்துக்கு எடுத்துச் செல்கிறது. முகுளம் என்பது மூளையும் தண்டுவடமும் சேரும் இடம். மூச்சு, இதயத் துடிப்பு, விழுங்குதல், வாந்தி ஆகியவற்றின் கட்டுப்பாடு அங்கேதான் இருக்கிறது. தும்மலுக்கான நரம்புத் தொகுதியும் அங்கே உண்டு. வந்துசேரும் தூண்டுதல் ஒரு அளவைத் தாண்டியதும் கட்டளை பிறக்கிறது. நெஞ்சு காற்றை இழுத்து நிரப்புகிறது, குரல்வளை மூடி அழுத்தம் ஏறுகிறது, இமைகள் மூடுகின்றன, பிறகு குரல்வளை சட்டெனத் திறந்து காற்று மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் பீறிட்டு வெளியேறுகிறது. தொடங்கிவிட்டால் நடுவில் நிற்காது.

முக்கிளை நரம்பின் பெயரே அதன் அமைப்பைச் சொல்கிறது. மேல்கிளை நெற்றி, புருவம், மேல் இமை, கருவிழி ஆகியவற்றோடு மூக்கின் உட்பகுதியில் முன்புறத்தையும் பார்த்துக்கொள்கிறது. நடுக்கிளை கன்னத்தையும் மேலுதட்டையும் மூக்கின் மீதிப் பகுதியையும் கவனிக்கிறது. கீழ்க்கிளை தாடைக்கு. கண்ணும் மூக்கும் ஒரே நரம்பின் பொறுப்பில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அழகு நிலையத்தில் நூல் வைத்துப் புருவம் திருத்தும்போது சில பெண்களுக்குக் கண்ணில் நீர் முட்டுவதோடு தும்மலும் வருகிறதே, அதற்கும் இந்தப் பங்காளி உறவுதான் காரணம். புருவத்தில் முடி பிடுங்கும் வலி மேல்கிளை வழியாகப் போகிறது. அதே கிளையில் மூக்கின் நரம்பும் இருப்பதால் உறுத்தல் மூக்கில் என்று முகுளம் எடுத்துக்கொள்கிறது.

வெளிச்சத்தின் பாதை வேறு. விழித்திரையில் விழுந்த ஒளி, இரண்டாவது இணையான பார்வை நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. ஒரு கிளைச்செய்தி நடுமூளைக்குப் போய், மூன்றாவது நரம்பு வழியாகத் திரும்பி வந்து கண்மணியைச் சுருக்குகிறது. இருட்டில் 8 மில்லிமீட்டர் வரை விரிந்திருக்கும் கண்மணி வெயிலில் 2 மில்லிமீட்டராகும். விட்டம் நாலில் ஒன்றானால் பரப்பு பதினாறில் ஒன்றாகிவிடும். இருந்தும் சில நூறு மடங்கு ஏற்றத்துக்கு இது போதாது. எனவே கண்கூசுகிறது, இமை சுருங்குகிறது, நீர் வடிகிறது. இந்தக் கூச்சத்தை உணர்த்துவதும் முக்கிளை நரம்பின் மேல்கிளைதான்.

பார்வை நரம்பின் பாதையும் முக்கிளை நரம்பின் பாதையும் மூளைத்தண்டில் அருகருகே போகின்றன. வைகைப் பாசனத்தில் ஒரு வாய்க்காலில் தண்ணீர் முட்ட வரும்போது வரப்பு கசிந்து பக்கத்து வயலும் நனைவது போல, பார்வைப் பாதையில் திடீரென மிகுந்துவிட்ட தூண்டுதல் பக்கத்துப் பாதைக்கும் கசிகிறது, முகுளம் அதை மூக்கின் உறுத்தலாகக் கொள்கிறது என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். எல்லாருக்கும் இரு பாதைகளும் அருகருகேதான் இருக்கின்றன. ஆனால் சிலருக்கு மட்டுமே கசிகிறது. இன்னொரு விளக்கம், கண்மணியைச் சுருக்கும் நரம்பு மண்டலத்தைக் காரணமாகக் காட்டுகிறது. நினைவின் துணையின்றி இயங்கும் அந்த மண்டலமே மூக்குச் சவ்வின் சுரப்பையும் நடத்துகிறது. ஒன்றுக்குக் கட்டளை போகும்போது மற்றதும் சேர்ந்து தூண்டப்பட்டு, மூக்கில் நீர் கோத்து உறுத்துகிறது என்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. ஒரே ஆளிடம் இரண்டும் நடக்கலாம்.

2010இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர ஆய்வாளர்கள் இன்னொரு கோணத்தில் பார்த்தார்கள். வெயிலில் தும்முவோர் 10 பேரையும் தும்மாதோர் 10 பேரையும் உட்காரவைத்து, கண்முன் படிமங்களைக் காட்டி, தலையில் மின்முனைகள் பொருத்தி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார்கள். தும்முவோரின் மூளையின் பின்புறத்தில் உள்ள பார்வைப் பகுதி, காட்சிக்குக் கூடுதலாகத் துள்ளியது. தொடுவுணர்வு சார்ந்த மேல்மூளைப் பகுதிகளிலும் வேறுபாடு தெரிந்தது. அப்படியானால் இது மூளைத்தண்டோடு முடிகிற வெறும் அனிச்சை அல்ல. மேல்மூளைக்கும் இதில் பங்கு இருக்கிறது. 20 பேரை வைத்து முடிவாகச் சொல்லிவிட முடியாது என்றாலும், தும்மல் வரும் முன் எழும் அந்தக் குறுகுறுப்பு கற்பனை அல்ல என்பதற்கு இது சான்று.

பரம்பரை விஷயத்தில் தெளிவு அதிகம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் ஹென்றி எவரெட் என்ற மருத்துவர் 1964இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவ மாணவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்த இயல்பு இருப்பதையும், அது குடும்பங்களில் தொடர்ந்து வருவதையும் காட்டியது. 1978இல் வட அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதைப் பாரம்பரிய இயல்பாக விவரித்து, முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'அச்சூ' என்று ஒலிக்கும்படி ஒரு நீண்ட பெயரையும் சூட்டினார்கள். அவர்கள் சொன்னபடி இது பால்சாரா நிறப்புரியில் ஓங்கும் பண்பாகக் கடத்தப்படுகிறது. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரே ஒரு பிரதி வந்தால் போதும், இயல்பு வெளிப்படும். ஆண், பெண் வித்தியாசம் இல்லை. பெற்றோரில் ஒருவரிடம் ஒரு பிரதி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அத்தை மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் உள்ள மதுரைப் பக்கத்துக் குடும்பங்களில் கணவன், மனைவி இருவரிடமுமே ஒவ்வொரு பிரதி இருக்கக்கூடும். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு முக்கால் பங்கு. தாத்தா இரண்டு தும்மினால் பேரனும் இரண்டே தும்முகிறான் என்று சில குடும்பங்களில் சொல்வதுண்டு. தும்மலின் எண்ணிக்கையும் குடும்பத்துக்குள் ஒத்துப்போவதாக மருத்துவக் குறிப்புகளிலும் பதிவுகள் உள்ளன.

2010இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று ஏறக்குறைய 10,000 வாடிக்கையாளர்களின் மரபணுத் தரவுகளை ஒப்பிட்டு, இரண்டாவது, பதினைந்தாவது நிறப்புரிகளில் ஒவ்வொரு இடத்தை இந்த இயல்போடு தொடர்புள்ளதாகக் காட்டியது. அவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். ஒரே மரபணு இதற்குப் பொறுப்பு என்று இன்னும் நிறுவப்படவில்லை. மதுரையில் மருத்துவக் கல்லூரி 1954 முதல் இருக்கிறது, வெயில் ஆண்டு முழுக்க இருக்கிறது, தலைமுறைகளாக ஒரே தெருவில் வாழும் பெரிய குடும்பங்களும் இருக்கின்றன. இந்த ஆய்வை நடத்த இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. மாணவர் யாராவது இதைக் கையில் எடுத்தால் நல்லது.

ஒவ்வாமைத் தும்மலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்தின் மகரந்தம், படுக்கையில் சேரும் தூசிப் பூச்சி, வீட்டை ஒட்டடை அடிக்கும்போது பறக்கும் தூசி ஆகியவற்றால் வரும் தும்மல் அடுக்கடுக்காக வரும். மூக்கு அரிக்கும், தண்ணீராக ஒழுகும், பிறகு அடைத்துக்கொள்ளும். கண் சிவக்கும். விடியற்காலையில் எழுந்ததும் பத்து, பதினைந்து தும்மல் என்பது அதன் அடையாளம். வெளிச்சத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதற்கு மருத்துவம் உண்டு, பார்த்தாக வேண்டும். ஒளித் தும்மலில் அரிப்பு, ஒழுக்கு, அடைப்பு எதுவும் கிடையாது. வெளிச்சத்துக்கு வந்த உடனே வரும், எண்ணி நின்றுவிடும். இதற்கு மாத்திரை தேவையில்லை. வெயிலில் தும்முகிறது என்பதற்காகப் பிள்ளைக்குச் சளி மருந்து கொடுப்பது வீண். தூக்க மயக்கத்தைத் தவிர வேறு பயன் இல்லை.

இனிச் சொல்ல வேண்டியது சகுனம். வெளியே கிளம்பும்போது தும்மினால் ஆகாது, அதிலும் ஒற்றைத் தும்மல் கூடவே கூடாது என்ற நம்பிக்கை மதுரையில் இன்றும் வலுவாக இருக்கிறது. வெயிலில் தும்முவோரை இது தாக்கும் அளவுக்கு வேறு யாரையும் தாக்குவதில்லை. அவர்களுக்குத் தும்மல் வரும் இடமே வாசல்படிதான். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு, பெண் பார்க்க, பத்திரப் பதிவுக்கு, பரீட்சைக்கு என்று எதற்குக் கிளம்பினாலும், இருட்டான கூடத்திலிருந்து வெயிலுக்கு வரும் அந்த எட்டில்தான் கண் வெளிச்சத்தைச் சந்திக்கிறது. "ஒத்தத் தும்மலா இருக்கு, செத்த உக்காந்து தண்ணி குடிச்சுட்டுப் போய்யா" என்று அப்பத்தா உள்ளே கூப்பிடுகிறார். அன்பாகத்தான் சொல்கிறார். பேரன் உள்ளே போய் உட்காருகிறான். ஐந்து நிமிடத்தில் அவன் கண் மறுபடி இருட்டுக்குப் பழகிவிடுகிறது. எழுந்து வெளியே வந்தால் மீண்டும் தும்மல். தடை நீங்கவில்லை என்று வீடே கலங்குகிறது. முதல் தும்மலோடு வெயிலிலேயே நடந்து போயிருந்தால் இரண்டாவது வந்திருக்காது.

பேரன் என்றால் இதோடு போய்விடும். வந்து சில மாதங்களே ஆன மருமகள் என்றால் போகாது. மாமனார் கிளம்பும் நேரம் பார்த்து வாசலில் நின்று தும்முகிறாள் என்ற பேச்சு கிளம்பும். கோலம் போட்டு முடித்துக் காலை வெயிலில் நிமிர்ந்தவுடன் தும்முவதற்கு அவள் பொறுப்பல்ல. அவளைப் பெற்றவர்களிடமிருந்து வந்த நரம்பின் வழி அது. அதே தும்மல் அந்த வீட்டு மகனிடமும் இருக்கக்கூடும், யாரும் கணக்கு வைக்காததால் தெரியாமல் இருக்கும். குழந்தை தும்மினால் 'நூறாயுசு' என்று வாழ்த்தும் வழக்கமும் இதே ஊரில்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கும் அந்த வாழ்த்தையே சொல்லிவிட்டுப் போகலாம். சளித் தும்மலுக்கும் வெயில் தும்மலுக்கும் எதிர்காலத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

உண்மையான ஆபத்து சாலையில் இருக்கிறது. தும்மும்போது இமைகள் மூடிக்கொள்கின்றன. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கும். 60 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 17 மீட்டர். இரண்டு, மூன்று தும்மல் தொடர்ந்து வந்தால் கை ஆக்சிலரேட்டரில் இறுகும், தலை குனியும். மேலூர் சாலையில் உயர் நீதிமன்றக் கிளைக்கும் வேளாண் கல்லூரிக்கும் காலையில் போகிறவர்களுக்கு வெயில் முகத்தில் அடிக்கும். மணிநகரம் ரயில்வே சுரங்கப்பாதை போன்ற இடங்களில் நிழலிலிருந்து வெயிலுக்கு ஏறும் இடம் கவனத்துக்குரியது. கேரளப் பக்கம் காரில் போகிறவர்கள் திருச்சூருக்கு முன்னால் 2021இல் திறக்கப்பட்ட குதிரான் சுரங்கச் சாலையைக் கடக்க நேரிடலாம். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தின் வாய்தான் தும்மல் வரும் இடம். முன்னால் போகும் வண்டிக்குக் கூடுதல் இடைவெளி விட்டு, வேகத்தைக் குறைத்துக்கொண்டு வெளியே வருவதே தக்க பாதுகாப்பு.

வீட்டை விட்டு இறங்கும் முன்பே கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்வது நல்ல பலன் தரும். வெயிலுக்கு வந்த பிறகு போடுவதில் பயன் குறைவு, ஏற்றம் அதற்குள் நடந்துவிட்டிருக்கும். முன்விளிம்பு உள்ள தொப்பியும் குடையும் உதவும். இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் வண்டியைக் கிளப்பும் முன் வாசலில் அரை நிமிடம் நின்று, வர வேண்டிய தும்மல் வந்து போன பிறகு புறப்படலாம். இதற்குச் செலவே இல்லை. இரவிலும் கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட்டோடு ஓட்டுவது வேறு ஆபத்தை வரவழைக்கும், அதைத் தவிர்க்க வேண்டும். கார் கண்ணாடியில் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடை செய்துவிட்டது. காரில் ஓட்டுநர் முன் மடக்கி வைத்திருக்கும் வெயில் மறைப்பு அதற்காகவே இருக்கிறது. ஓட்டும்போது தும்மல் கிளம்புவது தெரிந்தால், ஒரு விரலால் மேலுதட்டுக்கும் மூக்குக்கும் இடையே அழுத்திப் பிடிப்பது சிலருக்கு அதை அடக்கிவிடுகிறது. அங்கும் முக்கிளை நரம்பின் கிளைதான் இருக்கிறது, அந்த அழுத்தம் தும்மலின் செய்தியோடு போட்டியிடுகிறது. மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தித் தும்மலை உள்ளேயே விழுங்குவது கூடாது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அப்படி அடக்கிய 34 வயது இளைஞருக்குத் தொண்டையின் உட்சுவர் கிழிந்ததாக 2018இல் மருத்துவ இதழில் வெளியானது.

கவனம் தேவைப்படும் இன்னொரு இடம் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்தப் பகுதிக்குப் பக்கத்தில் அண்ணா நகரிலேயே இருக்கிறது. கண்புரை சிகிச்சைக்கென்று தென்மாவட்டங்கள் முழுவதிலிருந்தும் முதியவர்கள் இங்கே வருகிறார்கள். கண் அறுவைக்கு முன் கண்ணைச் சுற்றி மரப்பு ஊசி போடுவதுண்டு. இரத்தக்குழாய் வழியாக மயக்க மருந்தும் பெற்றிருக்கும் நோயாளிகளில் சிலர், அந்த ஊசி போடும்போது சட்டெனத் தும்முவதைப் பல நாட்டுக் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெயிலில் தும்மும் இயல்பு உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. ஊசி கண்ணருகே இருக்கும் நேரத்தில் தலை குலுங்கக் கூடாது. மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் அவர் அதற்கேற்ப எச்சரிக்கையாக இருப்பார். கருவியின் விளக்கொளியைக் கண்ணில் பாய்ச்சிப் பார்க்கும் வழக்கமான பரிசோதனையிலும் தும்மல் வரலாம். எனவே சர்க்கரை, இரத்த அழுத்தம், மருந்து ஒவ்வாமை இவற்றைச் சொல்லும்போதே "வெயிலைப் பார்த்தால் தும்முவேன்" என்ற ஒரு வரியையும் சொல்லிவிட வேண்டும்.

பள்ளிகளில், வகுப்பறையிலிருந்து மைதானத்துக்கு வந்ததும் தும்மும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். கொரோனா காலத்துக்குப் பிறகு, ஒரு தும்மல் கேட்டாலே பக்கத்தில் இருப்பவர்கள் விலகி நிற்கும் பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை தனியே உட்காரவைக்கப்படுகிறது. முழங்கை மடிப்பில் அல்லது கைக்குட்டையில் தும்மக் கற்றுக்கொடுப்பது எந்தத் தும்மலுக்கும் தேவையானது. அதைக் கற்றுக்கொடுத்துவிட்டு, காய்ச்சலும் ஒழுக்கும் இல்லையென்றால் பிள்ளையை விளையாட விட்டுவிடலாம்.

இந்த மடலைப் படிப்பவர்கள் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான். யாரெல்லாம் வெயிலில் தும்முகிறார்கள் என்று பாட்டி முதல் பேத்தி வரை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுபவர்களிடம் சாலையைப் பற்றிச் சொல்லுங்கள், கண் அறுவைக்குப் போகும் பெரியவர்களிடம் மருத்துவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். வாசலில் தும்மியவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்காதீர்கள். அவர் போக வேண்டிய இடத்துக்கு நேரத்தோடு போகட்டும்.

இப்படிக்கு,
கே.கே. நகர்வாசி ஒருவர்
மதுரை – 625 020